ரினியூ என்றால் புதிது வாங்குவதா?

"லைசென்சை ரினியூ பண்ணியாச்சா?" என்று கேட்காத வீடு நம்மில் இல்லை. ஆனால் பள்ளிப் பிள்ளையிடம் அதற்குப் பொருள் கேட்டால், "புதுசு வாங்குவது" என்று சொல்லிவிடுகிறது. அது சரியல்ல. 'நியூ' என்றால் புதிய. முன்னால் நிற்கும் 'ரி' மீண்டும் என்ற பொருளைத் தருவது. இருப்பதையே மீண்டும் புதிதாக்குவதுதான் ரினியூ.

இதைப் புத்தகத்தைவிட நன்றாகச் சொல்லித் தருவது பால் மரம். ஒருமுறை வெட்டிய இடத்தில் மறுபடி வளர்ந்த பட்டையைத் தோட்டத்து ஆங்கிலத்தில் 'ரினியூட் பார்க்' என்பார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே 'கேம்பியம்' என்ற மெல்லிய வளர்படை உண்டு. உளி அதைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பட்டையை விட்டுச் சீவினால், பட்டை தானே வளர்ந்துவிடும். ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடியும் பால் வெட்டலாம். ஆழமாக இறங்கிக் காயம் பட்டாலோ முண்டும் முடிச்சுமாக வளரும், உளி ஓடாது. மண்டோர் அன்று ஏன் அப்படிக் குதித்தார் என்று இப்போது புரிகிறதல்லவா? (அவர் ஏசிய ஏச்சையெல்லாம் நான் சரியென்று சொல்லவில்லை!)

முன்பு பிரேசில் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். 1888இல் சிங்கப்பூர்ப் பூமலைக்கு இயக்குநராக வந்த ரிட்லி என்பவர், பழைய வெட்டின் விளிம்பையே மெல்லியதாகச் சீவிச் செல்லும் முறையை 1890களில் வகுத்தார். கீழே பால் வடிய, மேலே பட்டை ஆறிக்கொண்டே வரும். நம் பெற்றோரும் பாட்டன்மாரும் இருட்டோடு எழுந்து செய்த வேலை இதுதான்.

அந்த மரங்களை அடியோடு சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்களே, அது ரினியூ ஆகாது. அதற்கு 'ரீபிளாண்டிங்' என்று வேறு சொல் இருக்கிறது. பழையது போய் வேறொன்று வந்தது. பல தோட்டங்களில் லயத்து மக்களும் போனார்கள்.

லைசென்சுக்கும் இந்தக் கணக்கு உண்டு. மலேசியாவில் காலாவதியாகி மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் ரினியூ செய்ய இயலாது. மறுபடியும் தேர்வு எழுதி, வண்டி ஓட்டிக் காட்டி, செலவு செய்து வாங்க வேண்டும். அதுதான் 'நியூ'. இதை வாசித்த கையோடு உங்கள் லைசென்சில் உள்ள தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.