பத்திரிகைப் போட்டியில் நமக்கு என்ன கிடைத்தது?



பத்திரிகைகள் போட்டி போட்டால் உண்மை தானாக வெளியே வரும் என்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு கடை திறந்தால் சீனி விலை இறங்கும் என்கிற கணக்கு இது. யாழ்ப்பாணத் தீவகத்தில் இந்தக் கணக்கு எப்படிப் போனது?

1994 பொதுத் தேர்தலில் குடாநாடு புலிகளின் கையில். யாழ் மாவட்ட வாக்குகள் பெரும்பாலும் தீவகத்திலேயே விழுந்தன. 10,744 வாக்குகளோடு ஈ.பி.டி.பி. 10 ஆசனங்களில் 9ஐ எடுத்தது. அந்தக் கட்சியைச் சார்ந்த தினமுரசு வார இதழின் ஆசிரியர் நடராஜா அற்புதராஜா எம்.பி. ஆனார்; 1999 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுபக்கம், உதயன் நாளிதழின் நிர்வாக இயக்குநர் ஈ. சரவணபவன் 2010இல் கூட்டமைப்பு எம்.பி. ஆனார். வாசகனுக்கான போட்டியா இது? வாக்குக்கான போட்டி!

விலை கொடுத்தவர் யார்? வீரகேசரிக்கும் பி.பி.சி. தமிழோசைக்கும் செய்தி அனுப்பிய நிமலராஜன் தேர்தல் மோசடிகளை எழுதியவர். 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2இல் உதயன் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இருவரும் செய்தி எழுதியவர்களே அல்ல. விற்பனை, விநியோகப் பகுதி ஊழியர்கள். நம்மைப் போல மாதச் சம்பளத்தை நம்பிய குடும்பங்கள். எழுதியவர்களின் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தத் துணிச்சலை வைத்து மேலே ஏறியவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நெடுந்தீவுக்குப் பத்திரிகை குறிகட்டுவானிலிருந்து படகில் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகும் இல்லை, பத்திரிகையும் இல்லை. அங்கே நூறு பிரதி கூடுதலாக விற்றால் விளம்பரம் கொடுக்கிற முதலாளிக்கு என்ன லாபம்? அதனால்தான் படகுக்காகக் காத்துக் கிடக்கும் கர்ப்பிணித் தாயின் கதைக்கு உள்பக்கத்தில் நாலு வரி. தேர்தல் வந்தால் மட்டும் தீவகம் முதற்பக்கம்.

நம் லயத்துக்கும் இதே அளவுகோல்தான். சம்பளப் பேச்சுவார்த்தையில் எந்தத் தலைவர் எந்தத் தலைவரை ஏசினார் என்பது கொட்டை எழுத்தில் வரும். கொழுந்து மடுவத்தில் தராசு போட்டு எத்தனை கிலோ வெட்டுகிறார்கள் என்பது எதிலும் வராது. எல்லாப் பத்திரிகையும் வாங்கிப் பாருங்கள், வராது!

1920களில் கோ. நடேசய்யர் தேசபக்தன் நடத்தினார். மீனாட்சி அம்மையார் கூடவே நின்று உழைத்தார். எவனையும் விற்பனையில் முந்துவதற்காக அல்ல, துரைமார் மறைத்ததை வெளியே சொல்வதற்காக.

இந்த மடலையும் அதற்கே பயன்படுத்துவோம். வெட்டிய கிலோ, செக்ரோலில் விழாத பெயர், பூட்டிக் கிடக்கிற பிள்ளைக்காம்பரா, எதுவானாலும் எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். உங்கள் பெயர் போட மாட்டோம். திகதியும் டிவிசனும் கட்டாயம் வேண்டும்.