சிரிக்க வைத்தவன் சாவிலும் தீர்ப்பு எழுதும் நாக்குகள்!

வாழும்போது கைதட்டுவது, செத்தால் வாய்க்கு வந்தபடி பேசுவது என்பது நம் தமிழ்ச் சமுதாயத்தின் புதிய நோயல்ல, பழைய நோய். செல்போன் வந்த பிறகு அது வேகமாகப் பரவுகிறது, அவ்வளவுதான்.

நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கர் 2025 செப்டம்பர் 18ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது 46. மதுரைக்காரர். ஊர்த் திருவிழா மேடைகளில் பலகுரல் பேசி, உடம்பு முழுவதும் வெள்ளி வண்ணம் பூசிக்கொண்டு இயந்திர மனிதனைப் போல ஆடி, அந்த ஆட்டத்தையே தன் பெயராக்கிக் கொண்டவர். தொலைக்காட்சியின் ‘கலக்கப் போவது யாரு’ வழியாக நம் வீட்டுக்குள் வந்தார். ‘மாரி’ (2015), ‘வேலைன்னு வந்துட்டா வெள்ளைக்காரன்’ (2016) போன்ற படங்களில் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். ஆண்டாப் ஹில் சந்துகளிலும் கோலிவாடாவிலும் தாராவியிலும், பன்னிரண்டு மணி நேரம் உழைத்துத் திரும்பியவன் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து அரைமணி நேரம் கவலையை மறந்தானே, அந்த அரைமணி நேரத்தைக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்த மனிதர் கண்ணை மூடிய அன்றே தீர்ப்புகள் வரத் தொடங்கின. முதல் தீர்ப்பு: “குடித்தே செத்தான்.” மறுநாள் இறுதி ஊர்வலத்தில் அவர் மனைவி ஆடியபடி வழியனுப்பினார். உடனே இரண்டாவது தீர்ப்பு: “புருஷன் பிணம் போகிறது, இவள் ஆடுகிறாளே!”

இந்த இரண்டு தீர்ப்புகளையும் நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். சினிமாக்காரர்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அவர்களுக்கு ரசிகர் மன்றங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த நாக்கு நடிகனோடு நிற்பதில்லை தோழர்களே! நாளை நம் வீட்டுச் சாவிலும் இதே நாக்குதான் நீளும். நீண்டும் இருக்கிறது.

முதல் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். 2023ஆம் ஆண்டிலேயே மஞ்சள் காமாலை தாக்கி அவர் உடல் மெலிந்தது ஊரறிந்த செய்தி. மேடைதோறும் பூசிய வண்ணமும், அதைத் தேய்த்துக் கழுவிய முறையும் உடலைக் கெடுத்தன என்று உடன் உழைத்த கலைஞர்கள் சொன்னார்கள். குடிதான் காரணம் என்று வேறு சிலர் சொன்னார்கள். எது உண்மை? மருத்துவம் பார்த்தவர்கள் சொல்ல வேண்டிய பதில் அது. டீக்கடை வாசலில் நிற்பவனும், வாட்ஸ்அப்பில் வந்ததை அடுத்தவனுக்குத் தள்ளிவிடுகிறவனும் எந்தக் கல்லூரியில் மருத்துவம் படித்தார்கள்?

ஒன்றைக் கவனியுங்கள். அந்த வெள்ளி வண்ணம் அலங்காரம் அல்ல. அவருடைய வேலைக் கருவி. வயிற்றுக்காக உடம்பில் பூசிக்கொண்ட ரசாயனம். கப்பலுக்கும் கட்டடத்துக்கும் வண்ணம் அடிக்கிறவன், தோல் பட்டறையில் குரோமிய நீரில் கை நனைக்கிறவன், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிறவன், கேரேஜில் பெட்ரோலால் கை கழுவுகிறவன் ஆகியோரெல்லாம் என்ன செய்கிறார்கள்? அதையேதான் செய்கிறார்கள். ஈயம், குரோமியம், பென்சீன் ஆகியவற்றால் வரும் நோய்கள் தொழில்நோய்கள் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவன் நாற்பத்தைந்து வயதில் ஈரல் கெட்டோ சிறுநீரகம் கெட்டோ சயான் ஆஸ்பத்திரியில் செத்தால், அவன் எதில் வேலை செய்தான் என்று கேட்பவர் யார்? “குடிப்பானா?” என்பதல்லவா முதல் கேள்வியாக வருகிறது!

சாரத்திலிருந்து விழுந்து செத்தவனுக்கும் இதே கதிதான். பிணம் சவக்கிடங்குக்குப் போகுமுன் முகாதம் வாய் திறப்பான்: “தண்ணி போட்டிருந்தான்.” கண்ட்ராக்டர் தலையாட்டுவான். நம்மவர்களே சிலர், “ஆமாம், கொஞ்சம் பழக்கம் உண்டு” என்று சாட்சி சொல்வார்கள். கணவனை இழந்த பெண் வெட்கத்தில் தலை குனிவாள். கையில் திணிக்கிற சில ஆயிரத்தை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளோடு ஊருக்கு ரயிலேறுவாள். அவளுக்கு வரவேண்டிய இழப்பீட்டை அந்த ஒரு வார்த்தை விழுங்கி விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அவன்கூட இந்த விஷயத்தில் நம் ஊர் நாக்குகளைவிட நியாயமாக நடந்துகொண்டான். வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தில் சாதாரணக் காயம் பட்டால், “அவன் குடிபோதையில் இருந்தான், விபத்துக்கு அதுதான் நேரடிக் காரணம்” என்று முதலாளி வாதாடித் தப்ப இடமுண்டு. ஆனால் தொழிலாளி இறந்துவிட்டாலோ, முழுமையான நிரந்தர ஊனம் அடைந்துவிட்டாலோ அந்தச் சாக்கு செல்லாது! 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே விதிதான் இருக்கிறது. தன் தொழிலின் ஒரு பகுதியைக் கண்ட்ராக்டரிடம் விட்ட பெரிய முதலாளியும் “எனக்குச் சம்பந்தமில்லை” என்று கைகழுவ முடியாது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சட்டமே ஏற்காத பொய்ச் சாக்கை, செத்தவனின் சொந்த ஊர்க்காரனே எடுத்துக் கொடுக்கிறானே, இதைவிடக் கேவலம் உண்டா?

“அப்படியானால் குடியை நியாயப்படுத்துகிறீர்களா?” என்று சிலர் கேட்பார்கள். இல்லை. குடி நம் குடும்பங்களைத் தின்கிறது. அதை மறைப்பவன் நம் பகைவன். இங்கே மால்வணியில் 2015 ஜூனில் விஷச் சாராயம் 100 பேருக்கு மேல் கொன்றது. அங்கே கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இரண்டு இடங்களிலும் செத்தவர்கள் யார்? அன்றாடங்காய்ச்சிகள். கொன்றது எது? காய்ச்சி விற்றவன் கலந்த மெத்தனால். கள்ளக்குறிச்சிக் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தபோது, “குடிகாரனுக்குப் பத்து லட்சமா?” என்று எழுந்த கூச்சலை நாம் மறக்கவில்லை. விற்றவனைக் கேட்கவில்லை, மாமூல் வாங்கியவனைக் கேட்கவில்லை, 2003 முதல் தமிழகத்தில் அரசே தெருத்தெருவாகச் சில்லறைக் கடை நடத்துகிறதே, அதையும் கேட்கவில்லை. செத்தவனைத்தான் கேட்டார்கள்! குடியை எதிர்க்க வேண்டுமானால் உயிரோடு இருப்பவனைக் கையைப் பிடித்து இழுங்கள்; விற்பவன் வாசலில் நின்று மறியல் செய்யுங்கள். பிணத்துக்கு முன்னால் நின்று மதுவிலக்குப் பிரசங்கம் செய்வது வீரமல்ல.

இரண்டாவது தீர்ப்புக்கு வருவோம். அந்த அம்மையார் ஆடியது தவறாம்! நெல்லையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் மக்களைக் கேட்கிறோம்: பறையடிக்காமல், ஆடாமல் நம் ஊரில் பிணம் எடுத்ததுண்டா? “அது வாழ்ந்து முடித்த கிழவன் சாவுக்கு, 46 வயதுச் சாவுக்கா ஆட்டம்?” என்பார்கள். ஆட்டமே பிழைப்பாக வாழ்ந்தவனை ஆடி வழியனுப்பக் கூடாது என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? சொன்னால்தான் என்ன? ஒப்பாரி வைத்தால் துக்கம், ஆடினால் துக்கமில்லையா? துக்கத்தை அளக்க இவர்களிடம் என்ன படி இருக்கிறது?

அவர்களுக்கு ஆட்டம் பெரிதல்ல தோழர்களே! கணவன் இறந்தால் பெண் மூலையில் முடங்க வேண்டும், பூவையும் பொட்டையும் அழித்துக்கொண்டு முகம் மறைக்க வேண்டும் என்ற பழைய விலங்குதான் அவர்கள் மனத்தில் கிடக்கிறது. விதவைத் திருமணத்துக்கும் பெண்ணின் சொத்துரிமைக்கும் 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட சமுதாயம் இது. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிறகு, கணவன் சாவில் ஒரு பெண் எப்படி நிற்க வேண்டும் என்று முகம் தெரியாத ஆண்கள் உத்தரவு போடுகிறார்கள். வெட்கம்!

நகைச்சுவைக் கலைஞனுக்கு இந்த அநீதி வழிவழியாக நடந்து வருகிறது. 1944இல் சென்னையில் கொலையுண்ட லட்சுமிகாந்தன், நடிகர்களின் அந்தரங்கத்தைக் கிசுகிசுவாக அச்சடித்து விற்றுப் பிழைத்தவர். அந்தக் கொலைவழக்கில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் தியாகராஜ பாகவதரும் தண்டிக்கப்பட்டுச் சிறையில் கிடந்தார்கள். 1947இல் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். இரண்டாண்டுக்கு மேல் சிறையில் போன வாழ்வை யார் திருப்பித் தந்தார்கள்? கலைவாணர் 1957இல் 48 வயதில் மறைந்தார். தூத்துக்குடியில் பிறந்த சந்திரபாபு 1974இல் வறுமையில் மறைந்தார். அவருக்கும் வயது 46தான்! அவர் ஆட்டத்தையும் பாட்டையும் ரசித்த கூட்டம், அவர் சாவுக்குப் போட்ட தலைப்பும் ‘குடி’தான். அன்று மஞ்சள் பத்திரிகை காசுக்கு விற்றது. இன்று ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் ஒரு மஞ்சள் பத்திரிகை இலவசமாக இருக்கிறது.

வதந்தி பிணத்தோடு எரிவதில்லை, உயிரோடு இருப்பவனையும் பிடிக்கும் என்பதற்கு விவேக் மரணமே சான்று. 2021 ஏப்ரல் 15இல் அவர் சென்னை அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று வேண்டினார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் நாள் அதிகாலை மரணம். இதயத்தின் முக்கியக் குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். யார் கேட்டார்கள்? “ஊசிதான் கொன்றது” என்ற பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. அந்த ஏப்ரலில் மகாராட்டிரத்தில் ஒரே நாளில் 60,000 பேருக்கு மேல் நோய் கண்டது. பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் நம் சந்துகளிலும் அந்தப் பேச்சு வந்து நுழைந்து, ஊசிக்கு அஞ்சிப் பலரை வீட்டில் உட்கார வைத்தது. மத்திய அரசின் ஆய்வுக் குழு அக்டோபரில் தன் முடிவைச் சொன்னது: ஊசி காரணமல்ல, இதய நோய்தான். அதற்குள் ஆறு மாதம் போய்விட்டது. வதந்திக்கு ஆறு நிமிடம் போதும். உண்மைக்கு ஆறு மாதம் ஆகிறது.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிற மூடத்தனத்தை விவேக் கேலி செய்தபோது விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தான், அவர் சாவிலேயே ஒரு புதிய மூடநம்பிக்கையைக் கட்டி விட்டார்கள். சின்னக் கலைவாணர் என்று பட்டம் சூட்டியவர்கள், அவர் ஊட்டிய பகுத்தறிவை அரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். நெஞ்சுவலியை ‘வாயு’ என்று சொல்லி சோடா குடித்துப் படுக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்பதே அந்தச் சாவிலிருந்து நாம் எடுத்திருக்க வேண்டிய பாடம். நாற்பது வயதைத் தாண்டிய நம் தொழிலாளர்களில் எத்தனை பேர் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டவர்கள்? அதைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது சுற்றியதா?

ஆகவே நம் மக்கள்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: நடிகனானாலும் நாக்காவில் வேலைக்கு நிற்பவனானாலும், செத்தவனின் சாவுக்குக் காரணம் சொல்வது நம் வேலையல்ல. “குடித்தே செத்தான்” என்ற சொல் நம் வாயிலிருந்து வரக் கூடாது. வேலையிடத்துச் சாவில் அது சாட்சியமாக மாறிக் குழந்தைகளின் சோற்றைப் பறிக்கும்.

இரண்டு: ஆஸ்பத்திரியில் இறப்பு நேர்ந்தால், சாவின் காரணத்தைச் சொல்லும் மருத்துவச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நெருங்கிய உறவினருக்கு அதைத் தர வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. வெற்றுத் தாளில் கைரேகை வைக்காதீர்கள். முகாதம் நீட்டும் நோட்டைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள்.

மூன்று: ரசாயனத்தில் வேலை செய்பவர்கள் என்ன பொருளில், எத்தனை ஆண்டு, யாரிடம் வேலை செய்தீர்கள் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது நோயை மட்டும் சொல்லாமல் தொழிலையும் சொல்லுங்கள்.

நான்கு: கணவனை இழந்த பெண் அழுதாலும் ஆடினாலும் மௌனமாக நின்றாலும் அது அவள் துக்கம். அவள் அருகில் நிற்க முடிந்தால் நில்லுங்கள். முடியாதென்றால் விலகி நில்லுங்கள். செல்போனைத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

நம்மைச் சிரிக்க வைத்தவனுக்கு நாம் பட்ட கடன் பெரிது. மாலையாலும் பேனராலும் அது தீராது. உழைத்துச் செத்த ஒவ்வொருவனையும் உழைத்துச் செத்தவன் என்றே சொல்லப் பழகுவோம். அன்றுதான் அந்தக் கடனில் ஒரு பங்காவது தீரும்.