டேட்டா சென்டர்களுக்கு மின்சாரம்: செலவைச் சுமப்பது யார்?

தரங்கம்பாடியிலிருந்து துபாயில் இருக்கும் மகனுக்கு ஒரு தாய் வீடியோ அனுப்புகிறார். வழியில் அது எங்கோ ஒரு டேட்டா சென்டரைத் தொட்டுவிட்டுத்தான் போய்ச் சேருகிறது. ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடும் கட்டடம் அது. ஓடுவதற்கும் மின்சாரம், சூடு தணிப்பதற்கும் மின்சாரம். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இவை பெருகிவருகின்றன. 2021-இல் தமிழக அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டு, மின்வரிச் சலுகையும் அறிவித்தது.

சென்னையில் நடப்பது நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. குறுவைக்குப் பம்புசெட் ஓட்டும் மும்முனை மின்சாரமும் அதே தொகுப்பிலிருந்துதான் வருகிறது.

பலரும் கவனிக்காதது விலைக் கணக்கு. நம் வீடுகளுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், விவசாயத்துக்கு முழுதும் இலவசம். இதில் ஒரு பகுதியை அரசு மானியமாகத் தருகிறது. இன்னொரு பகுதி, தொழில், வணிக நிறுவனங்கள் அடக்கவிலைக்கு மேல் கட்டுவதிலிருந்து கிடைக்கிறது. ஆனால் 2003 மின்சாரச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு உற்பத்தி செய்துகொள்பவர்களுக்கு அந்தக் கூடுதல் சுமை கிடையாது. பயன்படுத்துவோர் சேர்ந்து ஒரு காற்றாலை நிறுவனத்தில் 26 சதவீதப் பங்கு வைத்து, அதன் மின்சாரத்தில் 51 சதவீதத்தை எடுத்துக்கொண்டாலே அது 'சொந்த உற்பத்தி'! பசுமை மின்சாரம் நல்லதுதான், மறுக்கவில்லை. காற்று ஓய்ந்த மாதங்களில் அவர்களும் அரசுத் தொகுப்பைத்தானே நாடுவார்கள்? அதைத் தயாராக வைத்திருக்கும் செலவு யார் தலையில்?

அயர்லாந்தில் 2023-இல் மொத்த மின்சாரத்தில் 21 சதவீதத்தை டேட்டா சென்டர்களே எடுத்துக்கொண்டன; அந்நாட்டு நகர்ப்புற வீடுகள் அனைத்தும் பயன்படுத்தியதைவிட அது அதிகம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் 2025 ஜூலையில் விழித்துக்கொண்டது. அங்குள்ள ஒரு பெரிய மின்நிறுவனத்திடம் இணைப்புக் கேட்கும் புதிய, பெரிய டேட்டா சென்டர்கள், தாங்கள் கேட்ட அளவில் குறைந்தது 85 சதவீதத்துக்கு 12 ஆண்டுகள் வரை பணம் கட்ட வேண்டும், பயன்படுத்தாவிட்டாலும்.

இங்கும் உயரழுத்த இணைப்புகளுக்கு ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் தேவைக் கட்டணம் உண்டு. அதை நீண்டகால உறுதியாக்கி, புதிய துணைமின் நிலையச் செலவையும் கேட்டவரிடமே வாங்குவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

கட்டண மாற்றத்துக்கு முன் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கேட்டது, டெல்டாவுக்கு வரவில்லை. எழுத்து மூலம் அனுப்பவும் வழியுண்டு. பள்ளிவாசல் கரண்ட் பில்லைக் கணக்குப் பார்க்கும் நம் ஜமாஅத் நிர்வாகிகள், அடுத்த அறிவிப்பு வரும்போது, டேட்டா சென்டர்களின் மின்கணக்கைத் தனியாகக் காட்டுங்கள் என்று ஒரு கடிதம் போடலாமே.