ஒரு டிவிடியில் எத்தனை கல்யாணம்?

எங்கள் மரக்காணம் பக்கம் பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால், நாலைந்து கறுப்பு வி.எச்.எஸ். கேசட்டுகள் கிடக்கும். மூத்தவள் கல்யாணம், சின்னவள் மஞ்சள் நீராட்டு, அப்பாவின் அறுபதாம் கல்யாணம் என்று மேலே பேனாவால் எழுதியிருக்கும். அவற்றை டிவிடியில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கடைக்காரர், "ஆறு மணி நேரத்தையும் ஒரே டிவிடியில் அடக்கித் தர்றேன் சார்" என்றால் மட்டும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். மிச்சமாவது ஒரு டிவிடியின் விலை. போவது படம்.

என் கட்சி இதுதான்: ஒரு டிவிடிக்கு ஒரு விசேஷம், அதிகபட்சம் இரண்டு மணி நேரம்.

காரணம் சாதாரணக் கணக்கு. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜி.பி. கம்ப்யூட்டரில் போட்டால் 4.37 என்று காட்டும். அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், இரண்டும் எண்ணும் முறை வேறு, அவ்வளவுதான். இந்த இடத்தை இரண்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால், படமும் ஒலியும் சேர்த்து விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும். ஆறு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 1.7 தான். பழைய விசிடியில் படத்துக்கு விநாடிக்கு 1.15 மெகாபிட் இருந்தது. விசிடி படத்தின் அளவு 352க்கு 288 புள்ளி. டிவிடி படமோ 720க்கு 576, அதாவது நான்கு மடங்கு. பங்கு கொஞ்சம் கூடியிருக்கிறது, சாப்பிட வந்தவர்கள் நான்கு மடங்கு ஆகிவிட்டார்கள். பந்தி எப்படி நடக்கும்?

பற்றாக்குறை முதலில் தெரிவது அசையும் இடத்திலும் இருட்டிலும். ஓமப் புகை கட்டம் கட்டமாக உடையும். அட்சதை விழும்போது மணமக்கள் முகம் கலங்கும். பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் நாலு சதுரமாகிவிடும். அந்தப் பாட்டிக்கு வேறு போட்டோவே இல்லாத வீடுகளும் உண்டு.

அதற்காக ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிவிடி என்று 9 மெகாபிட்டில் எழுதுவதும் வி.எச்.எஸ்.ஸுக்கு வீண். அந்த கேசட்டில் இருப்பது குறுக்காகச் சுமார் 240 கோட்டுத் தெளிவு. கேசட்டில் இல்லாததை எந்த செட்டிங்கும் வரவழைக்காது. விசேஷம் மூன்று மணி நேரம் ஓடுகிறது, வெட்டவும் மனமில்லை என்றால் ஒரு வழி உண்டு. டிவிடி விதிகளில் 352க்கு 576 என்ற பாதி அகல அளவும் இருக்கிறது. அதைக் கேளுங்கள். அதே இடத்தில் முழு அகலத்தைத் திணிப்பதைவிட இது சுத்தமாக வரும்.

இன்னும் சில விஷயங்கள். நம் நாட்டு முறை பால், விநாடிக்கு 25 படம். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய கேசட் என்.டி.எஸ்.சி.யாக இருக்கும். அதைப் பாலுக்கு மாற்றச் சொல்லாதீர்கள், அசைவு தத்தித் தத்தி வரும். இங்கே விற்ற டிவிடி பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். ஒலிக்கு பி.சி.எம். கேட்டால் அதுவே விநாடிக்கு ஒன்றரை மெகாபிட்டைத் தின்றுவிடும். டால்பி டிஜிட்டலில் 192 கிலோபிட் நாதஸ்வரத்துக்கும் போதும், அத்தையின் சிரிப்புக்கும் போதும். எழுதும் வேகத்தை 4 அல்லது 8 மடங்கில் வைத்து, கடைசியில் டிவிடியை ஃபைனலைஸ் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுதிய மிஷினில் ஓடும், வீட்டு பிளேயரில் ஓடாது. மேலே காகித லேபிள் ஒட்டவே வேண்டாம்.

"இந்தக் காலத்தில் டிவிடி எதற்குத் தாத்தா? பென் டிரைவில் போட்டால் போதாதா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். பாதி நியாயம். டிவிடி என்பது உட்கார்ந்து பார்ப்பதற்கு. அதற்கு ஒரு பெரிய குணம் உண்டு: ஒருமுறை எழுதினால் யாரும் தவறிப்போய் அதன்மேல் சினிமா ஏற்ற முடியாது. ஆனால் அதை மட்டுமே நம்பியிருப்பது தப்பு. கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு முதலில் ஏற்றிய மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டி.வி. வடிவத்தில் அது மணிக்குச் சுமார் 13 ஜி.பி. பிடிக்கும். 1 டி.பி. ஹார்ட் டிஸ்கில் எழுபது மணி நேரத்துக்கு மேல் வைக்கலாம், ஒரு குடும்பத்தின் மொத்த விசேஷமும் அடங்கிவிடும். செல்போனுக்கு எம்.பி.4 வேண்டுமென்றால் இந்த மூலத்திலிருந்து எடுக்க வேண்டும், சுருக்கிய டிவிடியிலிருந்து அல்ல.

அந்த ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வெளியூரில் இருக்கும் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். 2004 சுனாமி, 2011 தானே, 2024 ஃபெஞ்சல் எல்லாம் பார்த்த கரை இது. தண்ணீர் முதலில் தொடுவது பீரோவின் அடித்தட்டைத்தான்.

புயல் வராவிட்டாலும் உப்புக்காற்று ஓயாது. இரும்பு கேட்டையே அரிக்கிற காற்று நாடாவை விட்டுவைக்குமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் வேலை நிற்கும். பீரோவுக்குள் பூஞ்சை வேலையைத் தொடங்கும். கேசட் ஜன்னல் வழியே சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் அப்படியே வி.சி.ஆரில் போடாதீர்கள். நாடா அறுந்துபோகலாம், மிஷின் வழியாக அடுத்த கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஓட்ட மிஷினும் அருகி வருகிறது. கடைசிவரை வி.சி.ஆர். செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016இல் நிறுத்திவிட்டது. நாம் எல்லோரும் வெற்று டிவிடி வாங்கிய மோசர் பேர் 2018இல் கலைப்புக்குப் போனது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய முடியாது. எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், கல்யாண கேசட்டுக்கு முன்னால், இப்போது இல்லாதவர்கள் வாய் திறந்து பேசும் கேசட்டை எடுங்கள் என்பேன். முகத்துக்காவது போட்டோ இருக்கும். குரல் அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் முடித்துவிடுங்கள்.