எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காதா?

"ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. தர்மபுரியை அடுத்த வத்தல்மலைக்குப் போயிருந்தபோது அங்கேயும் இதே பேச்சுத்தான். முழுகாமல் இருந்த ஒரு பெண் என்னைத் தனியே அழைத்து, "அக்கா, போன தடவை எட்டுலயே பொறந்து, மூச்சுவிட முடியாம மறுநாளே போயிடுச்சு. நான் எதையோ தின்னுட்டேன்னு மாமியார் சொல்றாங்க. நெசமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பாட்டி சொல்வது சரியல்ல. வாரம் ஏற ஏற நுரையீரல் முற்றுகிறது. எட்டாம் மாதக் குழந்தைக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் உண்டு. ஈரமான பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொள்வதுபோல அவையும் ஒட்டிக்கொள்ளாதிருக்க, உள்ளே சோப்பு மாதிரி ஒரு பூச்சு வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு இது போதாது என்று 1959-ல் அமெரிக்க டாக்டர் மேரி எல்லன் ஏவரி கண்டறிந்தார். 1963-ல் ஜனாதிபதி கென்னடியின் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த மகனும் இதனால்தான் 39 மணி நேரத்தில் இறந்தான். அந்தத் தாய் எதைத் தின்றாள், சொல்லுங்கள்!

நிறைமாதத்தில் பிறந்தும் சில குழந்தைகள் இப்படியே இறந்தன. காரணத்தைக் காட்டிக் கொடுத்தது சோதனைச்சாலை எதிர்ப்பொருள். பூச்சிலுள்ள ஒரு புரதத்தை முயலுக்கு ஊசியில் ஏற்றினால், அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். பூட்டுக்கேற்ற சாவிபோல அது அந்தப் புரதத்தில் மட்டுமே ஒட்டும். சாயமும் சேர்த்தால், புரதம் உள்ள இடம் நிறம் காட்டும். 1993-ல் டாக்டர் லாரன்ஸ் நோகீ குழுவினர் ஒரு குடும்பத்துக் குழந்தைகளின் நுரையீரலை இப்படிச் சோதித்தபோது, 'பி' என்ற புரதம் அடியோடு இல்லை! தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இப்படி ஆகும். மிக அபூர்வம், பயம் வேண்டாம். ஆனால் சொந்தத்தில் மணந்து, நிறைமாதக் குழந்தையை மூச்சுத்திணறலில் இழந்தவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குறைமாதத்துக்கு இன்று வழி உண்டு. முன்கூட்டியே வலி கண்டால் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலை முற்றவைக்கும். 1972-ல் நியூசிலாந்து டாக்டர்கள் இதை நிரூபித்தார்கள். பிறந்த பிறகு அந்தப் பூச்சையே மருந்தாக மூச்சுக்குழாயில் செலுத்தும் முறை 1980-ல் ஜப்பானில் வெற்றி கண்டது.

ஊசி நன்றாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். ஆகவே, நாள் வருமுன்பே வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, "விடியட்டும்" என்று இருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். மலையில் இருப்பவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் முன்பே பேசி வையுங்கள். பிறந்த குழந்தை மூச்சு வாங்கி முனகினாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கை வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மாமியார்மார்களே, மருமகளைக் குறை சொல்லும் நேரத்தில் வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். பேரப்பிள்ளை உங்கள் மடிக்கு வரும்!