வீட்டு முற்பணம் மீள வேண்டுமாயின்

வீடு மாறும் குடும்பத்தினர்க்கு இரு கவலைகள் ஒருங்கே வந்து சேரும். புதிய வீட்டுக்கு முற்பணம் கட்டவேண்டும். பழைய வீட்டுக்காரரிடம் உள்ள முற்பணமோ கைக்கு வந்தபாடில்லை. கலிபோர்ணியாவுக்குப் படிக்கச் செல்லும் நம் மாணவரும் இவ்விக்கட்டுக்கு விலக்கல்லர். ஊரிலே தாயார் நகையை அடகு வைத்து அனுப்பிய பணமாகவும் அது இருக்கக்கூடும். ஆதலின், அம்மாநிலத்துச் சட்டத்தை நம் குடும்பங்கள் அறிந்து வைத்தல் நன்று.

2024 யூலை 1 முதல் அங்கே பெரும்பாலான வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்கு மேற்பட்ட முற்பணம் வாங்குதல் கூடாது. வீட்டை ஒழித்துக் கொடுத்த 21 நாள்களுக்குள் அதனைத் திருப்பித் தரவேண்டும். ஏதேனும் கழித்துக்கொண்டால், இன்ன செலவுக்கு இவ்வளவு என்று எழுத்திலே கணக்குக் காட்டவேண்டும். பழுதுபார்ப்பும் துப்புரவும் 125 டொலருக்கு மேற்படின் பற்றுச்சீட்டுகளும் வேண்டும். காலத்தால் சுவர்ச்சாயம் மங்குவதும், நடந்து நடந்து நிலவிரிப்புத் தேய்வதும் இயல்பான தேய்மானமாகும்; அவற்றுக்காகக் காசு பிடிக்க உரிமையில்லை.

தவணை கடந்தும் பணம் வரவில்லையெனில் யாது செய்யலாம்? முதலில், தொகையையும் தவணையையும் குறித்து ஒரு கடிதம் அனுப்புக. அதன் பிரதியைப் பத்திரப்படுத்துக. அதற்கும் இணங்காவிடின் சிறு கோரிக்கை நீதிமன்றத்தை நாடலாம். தனி மனிதர் ஒருவர் அங்கே 12,500 டொலர் வரை கோரலாம். வழக்குப் பதியும் கட்டணம் 30 முதல் 75 டொலர் வரையாம். விசாரணையில் எவர்க்காகவும் சட்டத்தரணி தோன்றி வாதாட இயலாது. செல்வம் மிக்க வீட்டுக்காரரும் வறிய மாணவரும் தத்தம் வாயாலேயே வழக்கைச் சொல்லவேண்டும்.

கழித்த தொகை நியாயமானதென்று காட்டும் பொறுப்பு வீட்டுக்காரரையே சாரும். அவர் தீய நோக்குடன் பணத்தைத் தடுத்து வைத்தாரென நீதிபதி கண்டால், முற்பணத்தின் இருமடங்கு வரை மேலதிகமாகவும் விதிக்கலாம். 2,000 டொலரை மறித்தவர் 6,000 டொலர் வரை கொடுக்க நேரலாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. வழக்கிட்டவர் தோற்றால் மேன்முறையீடு செய்ய இயலாது. அவ்வுரிமை எதிராளிக்கே உண்டு. ஆகவே, முதல் விசாரணைக்கே சான்றுகள் அனைத்துடனும் செல்லவேண்டும். வாய்ச்சொல்லை வீட்டுக்காரர் எளிதில் மறுத்துவிடுவார். திகதியிட்ட நிழற்படத்தை மறுப்பது அரிது.

பெற்றோரே, பிள்ளைக்குப் பயணப்பெட்டி கட்டும்போது இப்புத்தியையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். திறப்பு வாங்கும் நாளிலேயே அறைகள் அனைத்தையும் படம் பிடிக்கட்டும். ஒப்பந்தத்தையும் பற்றுச்சீட்டுகளையும் ஓர் உறையிலிட்டு வைக்கட்டும். வெளியேறும் நாளில் மீண்டும் படம் பிடிக்கட்டும். அயலூரில் தனித்து நிற்கும் பிள்ளைக்கு அந்த உறையே துணையாகும்.