சாம்பல் சட்டம் எதைக் குறைத்தது?

வீடு கட்டக் கடைக்கால் எடுத்ததுமே கடலூர் மாவட்டத்து மேஸ்திரி கேட்பார்: “சூளைக் கல்லா, சாம்பல் கல்லா?” நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கம் இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் சுலபம். சாம்பல் அங்கேயே பிறக்கிறது. விலை என்ன, எடை என்ன, ஆணி இறங்குமா, பூச்சு பிடிக்குமா என்று பேச்சு நீளும். அந்தக் கல்லைச் சந்தைக்குத் தள்ளிக்கொண்டு வந்ததில் ஓர் அரசு அறிவிக்கைக்கும் பங்குண்டு என்பது மட்டும் பேச்சில் வராது.

அரசு உத்தரவு போட்டுக் கட்டுமானத் தொழில் மாறியதாகச் சரித்திரமே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. சாம்பல் கல்லும் சாம்பல் கலந்த சிமென்ட்டும் வந்துவிட்டதால் நிலக்கரியின் பாவம் பாதி கழிந்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. முதல் தரப்புக்கு நடந்த கதையைச் சொன்னால் போதும். இரண்டாம் தரப்போடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

கதை இது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் ஏரி ஏரியாகத் தேங்கிக் கிடப்பது பற்றிய பொதுநல வழக்கு ஒன்றில், 1999 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் மத்திய அரசை விரட்டியது. செப்டம்பர் 14 அன்று, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை வெளியானது. அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுப்பவர்கள் எடையில் 25 விழுக்காடாவது சாம்பல் கலக்க வேண்டும். மின் நிலையங்கள் பத்தாண்டுகளுக்குச் சாம்பலை இலவசமாகத் தர வேண்டும். 2003-இல் 50 கிலோமீட்டர் 100 ஆனது. 2016-இல் 300. அந்த ஆண்டுத் திருத்தம்தான் முக்கியமான முடிச்சை அவிழ்த்தது: 100 கிலோமீட்டர் வரை லாரி வாடகை முழுவதும் மின் நிலையத்தின் பொறுப்பு, அதற்கு மேல் 300 வரை பாதிப் பாதி. 2021 டிசம்பர் 31-இல் வந்த புதிய அறிவிக்கை, பயன்படாமல் கிடக்கும் சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்று விலையும் வைத்துவிட்டது.

விளைவு என்ன? மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, 1996-97-இல் நாட்டில் உண்டான சாம்பலில் பயன்பட்டது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. 2021-22-இல் அது ஏறத்தாழ 96 விழுக்காடு. இடையில் உண்டான சாம்பலின் அளவோ சுமார் 7 கோடி டன்னிலிருந்து 27 கோடி டன்னாகப் பெருகியிருந்தது.

வெறும் உத்தரவால் இது நடக்கவில்லை. சூளைக்காரர் தலையில் மட்டும் பாரத்தை ஏற்றிய 1999 விதி பல ஊர்களில் ஏட்டளவில்தான் இருந்தது. சாம்பலை உண்டாக்குகிறவர், சுமக்கிறவர், வாங்குகிறவர் மூவருக்கும் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்த பிறகே விதி நகர்ந்தது. வாங்குகிறவருக்கு ஒரு நியாயமும் காட்டினார்கள்: 300 கிலோமீட்டருக்குள் கட்டுகிறவர் சாம்பல் பொருளைத்தான் வாங்க வேண்டும், ஆனால் அதன் விலை மாற்றுப் பொருளைவிட அதிகமாக இருக்கக் கூடாது. இன்னொரு பக்கம் இந்தியத் தர நிர்ணய அமைவனம், பிபிசி என்று நாம் வாங்கும் சிமென்ட்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை உலர் சாம்பல் சேர்க்க இடம் தந்திருந்தது. சுடாத கல்லுக்கான வழியை விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் இருவரும் முன்பே காட்டியிருந்தார்கள்: சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் கலந்தால் சூளையே வேண்டாம்.

இனி கணக்கு. கட்டுமானத்தின் கரி உமிழ்வு எங்கே பிறக்கிறது? லாரி ஓடுவதில் கொஞ்சம், கம்பி உருக்குவதில் நிறைய, சிமென்ட்டில் மிக நிறைய. சிமென்ட்டின் சிக்கல் எரிபொருளோடு முடிவதில்லை. அரியலூரில் வெட்டும் சுண்ணாம்புக் கல்லின் உள்ளேயே கரியமில வாயு பூட்டிக் கிடக்கிறது. ஒரு டன் தூய சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 440 கிலோ வாயுவாகப் பறந்துவிடும். சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் பறக்கும். அதோடு 1,450 டிகிரிச் சூட்டுக்கு எரிக்கும் நிலக்கரியும் சேர்ந்து, அரைத்தால் சிமென்ட்டாகும் கிளிங்கர் என்ற கட்டி ஒரு டன்னுக்குச் சுமார் 850 கிலோ கரியமில வாயு. உலகின் மொத்த உமிழ்வில் 7, 8 விழுக்காடு சிமென்ட்டிலிருந்து வருகிறது என்பதற்கு அடிப்படை இதுதான்.

ஆகவே ஒரு டன் சிமென்ட்டில் 300 கிலோ கிளிங்கரை எடுத்துவிட்டுச் சாம்பலை வைத்தால் 250 கிலோ அளவுக்கு வாயு மிச்சம். பெரிய ஆதாயம்தான். ஆனால் இந்த ஆதாயம் சாம்பல் கிளிங்கரின் இடத்தில் உட்காரும்போது மட்டுமே கிடைக்கும். சூளையில் சுட்ட கல்லுக்குப் பதிலாகச் சுடாத கல் வந்தாலும் ஓரளவு உண்டு. பள்ளத்தை நிரப்பவும் பழைய சுரங்கக் குழியை மூடவும் சாம்பலைக் கொட்டினால் கரிக் கணக்கில் மிச்சமாவது அநேகமாக ஒன்றுமில்லை. அறிவிக்கை இவை எல்லாவற்றையும் ஒரே ‘பயன்பாடு’ என்று எண்ணுகிறது. நாட்டில் பயன்படும் சாம்பலில் சிமென்ட்டுக்குப் போவது ஏறத்தாழ கால் பங்குதான். 96 விழுக்காடு என்ற பெருமையைப் பருவநிலைக்குக் கிடைத்த வெற்றியாகப் படிக்கக் கூடாது என்பது இதனால்தான். அந்தச் சட்டம் எழுதப்பட்டதே மேல்மண்ணைக் காக்கவும் சாம்பல் மேடுகளைக் குறைக்கவும். கரி மிச்சமானது கூடவே வந்த பலன்.

நெய்வேலியில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. முந்தைய தலைமுறைக்கு நெய்வேலி என்றால் லெக்கோ. அடுப்புக் கரியாக வீடு வீடாக வந்தது. இன்று அங்கே வெட்டுகிற பழுப்பு நிலக்கரி மின்சாரமாகிறது. அதில் பாதி ஈரம். இந்தியக் கருநிலக்கரியில் 30, 40 விழுக்காடு சாம்பல் என்றால், நெய்வேலிக் கரியில் பத்துக்கும் கீழ். ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எரிந்தால் ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயு வெளியே போகிறது. 50 கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. அந்த 50 கிலோவையும் சிந்தாமல் சிதறாமல் கிளிங்கருக்குப் பதிலாகச் சேர்த்தால் மிச்சமாவது 40 கிலோ சொச்சம். ஆயிரம் கிலோ செலவு, நாற்பது கிலோ வரவு. சாம்பல் பயன்படுகிறது என்பதைக் காரணம் காட்டி இன்னொரு கொதிகலனுக்கு நியாயம் சொல்ல இந்த வரவு போதாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் நெய்வேலிச் சுரங்க நிறுவனமான என்எல்சியின் இயந்திரம் இறங்கியபோது எழுந்த கோபத்தைப் பார்த்தவர்களுக்கு, செலவுப் பக்கத்தில் நிலமும் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாம்பலில் இன்னொரு நுணுக்கம். எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். தண்ணீர் பட்டால் தானே கொஞ்சம் இறுகும். கந்தகமும் கூடினால் கான்கிரீட்டுக்கு ஆகாது. தர நிர்ணயம் அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. டன்னை மட்டும் எண்ணும் அறிவிக்கைக்கு அந்தக் கவலை இல்லை. சாம்பல் சிமென்ட் மெதுவாகத்தான் வலுப்பெறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண சிமென்ட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் பிடித்தால் போதும் என்கிற ஐஎஸ் 456 விதிநூல், கலப்புச் சிமென்ட்டுக்குப் பத்து நாள் கேட்கிறது. காய்ந்த வெக்கையில் பதினான்கு. மே மாதக் கடலூர் வெயிலில் ஐந்தாம் நாளே தண்ணீரை நிறுத்திவிட்டு, “சாம்பல் சிமென்ட் சரியில்லை” என்று சொல்கிற ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். மத்தியப் பொதுப்பணித் துறையே பிபிசியைக் கான்கிரீட்டுக்கு ஏற்க நெடுங்காலம் தயங்கியது. புதுப் பொருளைச் சட்டம் கொண்டுவந்து இறக்கினாலும், சாரத்தில் நிற்கிற கொத்தனாருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாவிட்டால் பழி பொருளின் மேல்தான் விழும்.

மற்ற விதிகள் என்ன செய்கின்றன? 2007-இல் வந்த எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு பெரிய வணிகக் கட்டடங்களின் விளக்கு, குளிர்சாதனச் செலவைப் பார்த்தது. சுவருக்குள் புதைந்த கரியை அது தொடவில்லை. 2012 முதல் சிமென்ட் ஆலைகளுக்கு எரிசக்திச் சிக்கன இலக்குகள் இருந்தன. 2023-இல் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தின் கீழ், 2025 அக்டோபரில் சிமென்ட் ஆலைகளுக்கு டன்னுக்கு இவ்வளவு உமிழ்வு என்ற இலக்கு வந்தது. முதன்முறையாகக் கரியையே எண்ணும் விதி அது. அதற்கு முந்தைய மாதம் சிமென்ட்டின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வீடு கட்டுகிறவருக்கு நல்ல செய்தி. ஆனால் கிளிங்கர் நிறைந்த சாதாரண சிமென்ட்டான ஓபிசிக்கும் சாம்பல் கலந்த பிபிசிக்கும் அதே 18. ஒரு கை கரியை எண்ணுகிறது. மற்றொரு கை அதைப் பார்க்கவே இல்லை.

ஆலைக்கு இலக்கு வைத்துவிட்டால் போதாதா என்றால், போதாது. ஆலை ஒரு டன்னுக்கு எவ்வளவு உமிழ்கிறது என்பதை அது கட்டுப்படுத்தும். கட்டடத்துக்கு எத்தனை டன் தேவை என்பது வரைபடம் போடுகிறவர் கையில். தேவைக்கு மேல் தடித்த தளம், பயமெடுத்துப் போட்ட கூடுதல் தூண், இடித்துக் கட்டாமல் பழுது பார்த்திருக்கக்கூடிய பழைய குவார்ட்டர்ஸ் இவையெல்லாம் ஆலை வாசலோடு நிற்கும் சட்டத்தின் கண்ணில் படாது. டென்மார்க் 2023 ஜனவரியில் இதற்கு ஒரு வழி செய்தது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடம், 50 ஆண்டுக் கணக்கில், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கரியமில வாயுவைத் தாண்டக் கூடாது என்று அப்போது வரம்பு வைத்தது. எந்தப் பொருளை வாங்கு என்று அந்த விதி சொல்வதில்லை. மரமோ, மண்ணோ, சாம்பலோ, கணக்குக்குள் நின்றால் சரி.

நம் ஊருக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. சூடேற்றத் தேவையில்லாத நாட்டில் கணக்கு வேறு. கொள்கை பொருந்தும். பொருளின் பெயரைச் சொல்லும் சட்டம் அந்தப் பொருளோடு சேர்ந்தே மூப்படைகிறது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி 2020-இல் ஓய்வு பெற்றது. மற்றவையும் ஒருநாள் நிற்கும், நிற்கவும் வேண்டும். அப்போது சாம்பலை நம்பிய கல் தொழிலும் சிமென்ட்டும் எங்கே போகும்?

அதற்கான ஒரு பதில் நெய்வேலி மண்ணிலேயே இருக்கலாம். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் வெள்ளைக் களிமண் உண்டு. அதைக் கழுவிப் பிரிக்கும் ஆலையை என்எல்சி ஒரு காலத்தில் நடத்தியது. வெள்ளைக் களியைச் சுமார் 700, 800 டிகிரியில் சுட்டு, சுடாத சுண்ணாம்புக் கல்லோடு கலந்தால் சிமென்ட்டில் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கலாம். எல்சி3 என்று பெயர். ஐஐடி டெல்லி, ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்களும் சுவிட்சர்லாந்துக்காரர்களும் கியூபாக்காரர்களும் சேர்ந்து பாடுபட்டார்கள். 2023-இல் ஐஎஸ் 18189 என்று இந்தியத் தரமும் கிடைத்துவிட்டது. பீங்கானுக்கு ஆகாத மட்டமான களியே இதற்குப் போதும். நெய்வேலி மேல்மண் எந்த அளவுக்குத் தேறும் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். அந்தச் சோதனைக்குச் செலவிட வேண்டியது பொதுத்துறை நிறுவனமும் அரசும்தான். வடலூர்ப் பக்கம் கல் அறுக்கிற சிறு பட்டறைக்காரர் அல்ல.

கட்டடத்துக்குக் கரிக் கணக்கு கேட்கும் விதியை எங்கே தொடங்குவது? தனி வீடு கட்டுகிறவரிடம் தொடங்கக் கூடாது. அவருக்கு ஏற்கெனவே படிவங்கள் போதும். பெரிய வாங்குகிறவர்களிடம் தொடங்கலாம்: பொதுப்பணித் துறை, வீட்டு வசதி வாரியம், ஒரு நகரியத்தையே கட்டி வைத்திருக்கும் என்எல்சி. ஒப்பந்தப்புள்ளியில் தொகைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி, சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ கரியமில வாயு என்று. முதல் சில ஆண்டுகள் வெறுமனே எழுதிக் காட்டினால் போதும். வரம்பைப் பிறகு வைக்கலாம். கணக்குப் போடத் தரவு இல்லை என்பார்கள். பிபிசி மூட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதில் எத்தனை விழுக்காடு சாம்பல் என்று அச்சிட்டாக வேண்டும் என்பது இப்போதே விதி. அந்த எண்ணுக்குக் கீழே, டன்னுக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்று இன்னொரு வரி சேர்க்க மூட்டையில் இடம் இருக்கிறது.